மூன்று வளவுக்கு ஒரு கிணறு

அன்பு மச்சான்,

உன் கடிதமும் அம்மாவின் காணி உறுதிப் பிரதியும் வைபரில் வந்து மூன்று கிழமையாகிறது. "ஊர் வீட்டை ஒருக்காப் போய்ப் படம் எடுத்து அனுப்படா" என்று நீ லேசாகச் சொல்லிவிட்டாய். ஆடி மாதத்தில் சோழகக் காற்றுக்கு எதிரே, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற வாணர் தாம்போதியில் சைக்கிள் மிதித்துப் பார், அப்போது தெரியும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை. பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் போனேன்.

ஏன் மோட்டார் சைக்கிளில் போகவில்லை என்று கேட்பாய். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், சுவரோடு சாத்திக் கிடந்த பழைய லுமாலா சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 90களைப் பார்த்த ஆட்களுக்கு இதெல்லாம் புதிதா? பெற்றோல் திரும்ப வந்த பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு ஊர்ப் பக்கம் போகிறேன். ஒழுங்கைக்குள் சைக்கிளில் மெதுவாய்ப் போனால்தான் சுமைதாங்கியும், மாடு உரஞ்ச நட்ட ஆவுரஞ்சிக்கல்லும் கண்ணில் படும். போன மாதம் வேலணைப் பக்கம் ஒரு சுமைதாங்கி கண்டேன். பிள்ளைத்தாச்சியாய் இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள் என்று உன் அம்மாதான் எனக்கு முதலில் சொன்னவ. இப்போது அதில் கட்சிச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கண்டுபிடித்தேன். ஆனால் நீ சொன்ன இடத்தில் இல்லை.

நீ "அப்பப்பா வளவு, கோயிலுக்குப் பின்னால" என்று எழுதியிருந்தாய். அந்த வட்டாரம் முழுக்க இரண்டு மணித்தியாலம் சுற்றினேன். 1991இல் சண்டைக்குப் பயந்து சனம் வெளிக்கிட்ட பிறகு ஆள் திரும்பாத வளவுகள்தான் கூட. கூரையில்லாத முருகைக்கல் சுவர்கள், அவற்றுக்குள் ஆளுயரப் பற்றை. ஒரு நாற்சார் வீட்டின் நடு முற்றத்தில் வேம்பு ஒன்று வளர்ந்து நிற்கிறது. வளை, சிலாகை, ஓடு, கதவு நிலை என்று கழற்றக்கூடியதெல்லாம் எப்போதோ போய்விட்டன. அடுத்த வளவில் பார்த்தால் சுவிஸ் காசில் கட்டிய இரண்டு மாடி, இரும்புக் கேற், பெரிய பூட்டு. அதற்குள்ளும் ஆளில்லை.

கடைசியில் ஒரு கிழவி படலையடியில் நின்று மறித்தா. "ஆரைத் தம்பி தேடுறியள்?" உன் அப்பப்பாவின் பேரைச் சொன்னேன். யோசித்தா. "அந்த மனுசன் இஞ்ச எங்க இருந்தது? பொம்பிளை வீட்டிலயெல்லோ இருந்தது. ஆக்களின்ர பேரை விடுங்கோ, காணியின்ர பேரைச் சொல்லுங்கோ." உறுதியில் இருந்த பேரை போனில் வாசித்துக் காட்டினேன். உடனே கையை நீட்டினா: அடுத்த வட்டாரம், இரண்டாவது ஒழுங்கை.

நாங்கள் இரண்டு பேரும் மடையர், மச்சான். அது சீதன உறுதி. முதல் வரியிலேயே இருக்கிறது, நான் எல்லைகளை மட்டும்தான் வாசித்தேன். 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை எழுதிவைத்த காலத்துக்கும் முந்திய வழக்கம்: பரம்பரைச் சொத்தான முதுசம் ஆணுக்கு, சீதனம் பெட்டைக்கு. வீடு பெட்டையோடுதான் போகும். உன் அப்பாவும் கலியாணம் கட்டி அங்கேதான் வந்திருப்பார். நீ பிறந்து பன்னிரண்டு வயது வரை இருந்தது உன் அம்மம்மாவின் வீடு. அது அவவுக்கு அவவின் தாய் வழியாக வந்திருக்க வேணும். நாங்கள்தான் பள்ளிக்கூடத்தில் பழகியபடி தகப்பன் பேரைப் பிடித்துக்கொண்டு ஊர் வரலாறு தேடுகிறோம்.

உறுதியில் இன்னொரு வரி: "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்." எல்லா உறுதியிலும் வருகிற சட்ட வசனம்தானே என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கிணறு உன் வளவுக்குள் இல்லை. மூன்று வளவின் எல்லைகள் கூடுகிற மூலையில் இருக்கிறது. ஒரு தகப்பன், மூன்று பெட்டைகள். காணியை மூன்றாகப் பிரித்துவிட்டார், கிணற்றைப் பிரிக்க முடியாதே. உப்புத் தண்ணீர் ஊறுகிற ஊரில் நல்ல தண்ணீர் எந்த மூலையில் கிடைத்ததோ, அதை வைத்துத்தான் மற்ற எல்லைகளைப் போட்டிருக்கிறார்.

உன் வீட்டில் இப்போது மிச்சம் விறாந்தைக் குந்து, குசினிச் சுவர் ஒன்று, பிறகு அந்த மாமரம். படம் மூன்று அனுப்புகிறேன். அவற்றைப் பார்த்து அழுதுவிடாதே, நாலாவது படத்தைப் பார். கிணற்றுக் கட்டில் கயிறு தேய்த்த தடங்கள். மூன்று வளவைப் பார்த்த மூன்று பக்கத்திலும் இருக்கின்றன, விரலை வைத்தால் உள்ளே இறங்குகிறது. உன் வளவுப் பக்கத் தடம்தான் ஆழம் கூட. கூட வந்த கிழவியிடம் காட்டினேன். "அவ நாள் முழுக்கத் தண்ணி அள்ளுவா. அதிலதான் தமக்கையோட கதை பேச்சில்லாமல் போனது" என்றா. எந்தத் தமக்கை, என்ன சண்டை என்று கேட்க முதல் பேரன் வந்து சாப்பிடக் கூப்பிட்டுவிட்டான்.

தண்ணீர் இன்னும் இருக்கிறது. வாளி இல்லாததால் குடித்துப் பார்க்கவில்லை.

திரும்பும்போது சோழகம் முதுகில். வேலணைச் சந்தி வரை காலை அசைக்காமல் வந்தது போல இருந்தது. 95 இடம்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் உன் அம்மாவின் தையல் மெசினைக் கரியரில் கட்டி இரண்டு பேருமாக உருட்டினோமே, அது ஏனோ ஞாபகம் வந்தது. அந்த மெசின் என்னவானது?

அடுத்த ஞாயிறு திரும்பப் போகிறேன், ஒரு வாளியும் கயிறும் கொண்டு. அதற்குள் அம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுது. அம்மம்மா கூடப்பிறந்த மற்ற இரண்டு பேரின் பெயர், அவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டில். உறுதியின் இரண்டாம் பக்கத்தையும் அனுப்பு, நீ அனுப்பியதில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்