சாக்கில் கட்டிய பூனைகள்: பேரூராட்சிக்கும் சந்தை வியாபாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி மன்றத்தாருக்கும் மீன்சந்தை வியாபாரிகளுக்கும் வணக்கம்.

சந்தையில் பூனைத் தொல்லை கூடியிருப்பதை நான் மறுக்கவில்லை. விலை பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டிலிருந்து அயிலையைக் கவ்விக்கொண்டு ஓடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் பிடித்துச் சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி விட்டுவிட்டு வருவதை இனி நிறுத்துங்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் நமக்குப் பூனைச் சாக்கு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இருந்த பூனை போனாலும் அது தின்ற சாளைத் தலையும் குடலும் அங்கேயேதான் கிடக்கின்றன. அடுத்த தெருப் பூனை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினையாகும். ஓணத்துக்குப் பிறந்தது பொங்கலுக்குள் சினையாகிவிடலாம். சுமார் 63 நாளில் குட்டி போடும், அதற்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகும். இந்த வேகத்தை ஆட்டோ வைத்து ஜெயிக்க முடியாது.

விஷம் வைக்கலாம் என்றும் சிலர் பேசுகிறார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்கு வழியுண்டு. அதுவும் மீன் விற்கிற இடத்தில் விஷமா!

செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுவார்கள். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பெட்டையை இன்னொரு நாள் பிடித்து வீணாக வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அறுவைக்குப் பின் கடுவன்களின் ராத்திரிச் சண்டையும் மூத்திர நாற்றமும் குறையும். ஒன்றிரண்டுக்குச் செய்து பயனில்லை. சந்தைப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சேர்த்துச் செய்தால்தான் குட்டிகள் குறையும்.

இதில் மன்றத்தைவிட மீன் வெட்டும் அக்காமாரின் தயவுதான் எனக்குப் பெரிது. கூண்டு வைக்கிற அன்று ஒரு செவுள்கூட வெளியே விழக் கூடாது. வயிறு நிறைந்த பூனை கூண்டுக்குள் இருக்கும் கருவாட்டைத் திரும்பியும் பார்க்காது. கதவு விழுந்ததும் கம்பியில் முட்டி மோதும். பயப்படாமல் ஒரு பழைய சாரத்தால் (லுங்கியால்) கூண்டை முழுசாக மூடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். இரக்கப்பட்டு ராத்திரி மீன் கொடுத்துவிடாதீர்கள். மறுநாள் மயக்கத்தில் வாந்தியெடுத்தால் உயிருக்கே ஆபத்து.

மன்றத்திடம் கேட்பது அதிகமில்லை. அறுவைக்கு நாள் ஒதுக்கித் தரும்படி கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு கடிதம், அறுவை முடிந்தவை ஒன்றிரண்டு நாள் கிடந்து தேற பூட்டக்கூடிய ஓர் அறை, மீன்கழிவுக்கு மூடியுள்ள டிரம்கள். கூண்டுகளுக்கு எங்கள் தெருவில் பணம் திரட்டத் தொடங்கிவிட்டோம்.

இந்த மடலை மலையாளத்திலும் எழுதி எல்லைக்கு அப்பால் உள்ள பஞ்சாயத்துக்கு அனுப்புகிறேன். அங்கேயும் சாக்குக் கட்டுகிறவர்கள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தைத் தெருவில் குடியிருப்பவள்