பலகையில் 49

அன்புள்ள சிநேகிதிக்கு,

பொங்கலுக்குப் பின் ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எல்லாரும் சுகம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, இவர் குறுவை நாற்றங்காலே கதியென்று கிடக்கிறார். ஆர்மோனியம் தாத்தா உன்னை விசாரித்தார். இன்னும் பிரசங்கத்தில் தூங்குகிறாயாம்?

நாத்தனார் மகனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஏழு வயது, ஆட்டிசம். மார்ச்சில் ஒருநாள் ஆராதனையில் மைக் கீச்சிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்து அலறினான். “அடக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை ஏன் கூட்டிவருகிறீர்கள்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவனைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், மூன்று மாதம் கோயில் பக்கமே வரவில்லை. அன்று நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை. அது இன்னும் என்னைக் குடைகிறது.

அவளிடம் போய் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் புரிந்தது. நம் காது ஒதுக்கிவிடும் மின்விசிறிச் சத்தம், மணி, கீபோர்டு எல்லாம் அவனுக்கு ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. அது அடம் அல்ல, வலி. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டாலும் கலங்கிவிடுகிறான்.

சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். வாசலோரப் பெஞ்சுக்கு மேலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார்கள். பாட்டு, ஜெபம், வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை என்று வரிசையாகப் படம் வரைந்து, பாட்டு எண்களும் எழுதி ஓர் அட்டை கொடுத்தேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் விரலால் மூடுகிறான். நடுவில் எழுந்துபோய் வராந்தாவில் நடந்துவிட்டு வருவான். சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

போன ஞாயிறு உபதேசியார் பாட்டு எண் பலகையில் 9-ஐத் தலைகீழாகச் செருகிவிட்டார். இவன் அட்டையில் 49, பலகையில் 46. விறுவிறுவென முன்னால் போய், எம்பி, அதை உருவித் திருப்பிச் செருகினான். “தம்பி, இனி இது உன் வேலை” என்றார் ஐயர். நாத்தனார் அன்று கடைசிப் பாட்டுவரை இருந்தாள்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் நம் தமிழைப் படித்தார். ஞாயிறு பள்ளியில் வருடாவருடம் நான் சொல்லும் கதை. ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அடுத்து அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது மைக் எப்படி அலறும் என்று உனக்குத் தெரியும். சத்தத்தை மறைக்கும் ஹெட்போன் அங்கே கிடைக்குமாமே, குழந்தை அளவில் ஒன்று வாங்கி அனுப்பு. நீலமாக இருக்கட்டும், வேறு நிறம் தொடமாட்டான்.

உன் பழைய பெஞ்சுக்காரி