காணிக்குப் பஞ்சமில்லை என்று யார் சொன்னது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு கட்டும் செலவு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். வன்னியில் காணிக்குப் பஞ்சமில்லை, பொடியளுக்குத்தான் மண்ணில் பிடிப்பில்லை என்ற கருத்தில் ஒரு வரி அதில் இருந்தது. பல வருடமாக வாசிக்கும் பத்திரிகை என்பதால் கூடுதலாகவே வலித்தது.

எங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது இரணைமடுத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டக் காணி. காடு வெட்டி, கட்டை பிடுங்கி உண்டாக்கியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அது பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது, சொந்த உரிமைப் பத்திரமான உறுதி இல்லை. அரசின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ பேர் மாற்றவோ ஏலாது, நினைத்தபடி துண்டு பிரிக்கவும் ஏலாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தனக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பின்னுரித்தை அப்பா எழுதி வைக்காமல் போய்விட்டார். அப்படியானால் காணி யாருக்கு என்று சொல்லும் பழைய சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். கடைசிவரை அப்பாவைப் பார்த்தது நான். காணி வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவுக்குரியது என்றார்கள். 2022இல் அந்தப் பாகுபாட்டை நீக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், நல்லது. அப்பா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். அண்ணாவை நான் குறை சொல்ல மாட்டேன். "எழுதித் தாறன் தங்கச்சி" என்றுதான் போனில் சொல்கிறார். அவர் எழுதித் தந்தால் மட்டும் போதுமா?

2009இல் முள்ளிவாய்க்கால் வரை அந்தப் பேர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவள் நான். மடித்த இடமெல்லாம் பிய்ந்து, பின்பக்கம் செலோரேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மகன் அதோடு வங்கிக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனான். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "உறுதி இருந்தால் கொண்டு வாங்கோ தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்களாம். இப்போது அவன் கட்டாருக்குப் போகக் கடதாசி கொடுத்திருக்கிறான். எங்கள் வளவுக்குள்ளேயே ஒரு அறையும் குசினியும் போட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

சரி, டவுன் பக்கம் உறுதிக்காணி வாங்கலாம் என்றால், ஏ9 வீதிக்கரையில் ஒரு பரப்புக் காணியின் விலையை வெளிநாட்டுக் காசுதான் தீர்மானிக்கிறது. நகர அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பிரகடனப்படுத்திய இடமென்றால் வழமையாக ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு அனுமதி இல்லை. அப்புறம் சேவையர் பிளான், வீட்டு பிளான், கட்டட அனுமதி என்று கல் அரியும் முன்பே காசு கரைந்துவிடும். வயல் மலிவு, ஆனால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயலை மண் போட்டு மூட முடியாது. அது சரியான சட்டம், நானும் வயல் செய்கிறவள்தான். அப்படியென்றால் மேட்டுக்காணியையாவது சனத்துக்கு விட வேண்டாமா?

மேட்டுக்காணியின் கதையும் கேளுங்கள். நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தோட்டங்களில் பற்றை மண்டியது. திரும்பி வந்தபோது அது காடு என்று வன இலாகாவினர் எல்லைக்கல் போட்டுவிட்டார்கள். என் சின்னம்மாவின் தென்னங்காணிக்குள் ஒரு கல் நிற்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் அவ கட்டிய கிணறு.

2025 மார்ச் 28 வர்த்தமானியையும் மறக்க முடியாது. வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி என்றார்கள். பெட்டி படுக்கையோடு உறுதியையும் தொலைத்த சனம் எதைக் காட்டுவது? எதிர்ப்பு வந்த பிறகு மீளப்பெற்றார்கள், ஆனால் அதுவரை இங்கே பலருக்கு நித்திரை இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் காணி மாகாணத்துக்கு என்று எழுதினார்கள். அதில் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்னும் வரவில்லை. 2018 ஒக்டோபரோடு வட மாகாண சபையின் காலமும் முடிந்துவிட்டது. நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அரச காணி கேட்பவர்களை நேரில் விசாரிக்கும் காணிக் கச்சேரியும் நடமாடும் சேவையும் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில், எந்தத் திகதியில் நடக்கும், என்னென்ன பத்திரம் கொண்டு போக வேண்டும் என்று கிழமைக்கொரு முறை முன்கூட்டியே ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிய வருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.