அந்தப் பட்டாக்கத்தி யாருடையது?

வடசென்னைக்கு வந்து குறும்படம் எடுக்கும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவ மாணவிகளுக்கும், அவர்களுக்கு மார்க் போடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். தங்க சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சின்னதாக அச்சகம் வைத்திருப்பவன் நான். தங்க சாலை என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, மின்ட் என்றால் தெரியும். அப்பா காலத்தில் ஈய எழுத்துப் பொறுக்கி அச்சுக் கோர்த்த கடை. இப்போது ஒரு டிஜிட்டல் மெஷின், ஒரு மினி ஆஃப்செட், மூலையில் துணி போர்த்திய பழைய டிரெடில், காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷின். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் வருஷக் கடைசித் தேர்வு நெருங்கும்போது நீங்கள் வந்து நிற்பீர்கள், கையில் பென் டிரைவும் முகத்தில் தூக்கமும் இல்லாமல்... தப்பு, பென் டிரைவ் இருக்கும், தூக்கம்தான் இருக்காது. "அண்ணா, நாளைக்கு ஸ்கிரீனிங். அம்பது போஸ்டர் வேணும்."

நீங்கள் வருவது எனக்குப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

போன வருஷம் ஒரு குழு காசிமேட்டில் படம் எடுத்தது. எந்தக் கல்லூரி, என்ன படம் என்று சொல்லமாட்டேன். படத்தின் பெயர் 'பொ' என்ற எழுத்தில் தொடங்கும், அது மட்டும் பின்னால் தேவைப்படும். 18 நிமிஷப் படம். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்கும் ஓர் அம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. பிளஸ் டூ படிக்கும் மகள்தான் வாராவாரம் குழு லோன் புத்தகத்தை வாசித்துக் காட்டுவாள். அம்மா கவலைப்படக் கூடாதே என்று பாக்கித் தொகையைக் குறைத்துக் குறைத்துப் படிப்பாள். மகள் பொய் சொல்கிறாள் என்று அம்மாவுக்கு முதல் வாரத்திலேயே தெரியும், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். அவ்வளவுதான் கதை. கடையில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். என் மெஷின்மேன் சினிமா என்றாலே உதட்டைப் பிதுக்குகிற ஆள். ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தான்.

சரி, போஸ்டரைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். முழுக்கக் கறுப்பு. புகை. பின்னால் துறைமுகக் கிரேன்கள், சிவப்புச் சூரியன். நட்டநடுவில் ரத்தம் சொட்டும் பட்டாக்கத்தி.

"படத்துல கத்தி எங்கப்பா வருது?"

"வராதுண்ணா. நார்த் மெட்ராஸ் ஃபீல் வரணும்ல, அதுக்காக."

மீன் நறுக்கும் அரிவாள்மனைகூட அந்தப் படத்தில் வராது. இருந்தும் நான் அடித்துக் கொடுத்தேன். 12க்கு 18 அங்குலம், 50 பிரதி, காசும் வாங்கிக்கொண்டேன். ஆகவே இந்த மடலில் குற்றவாளிக் கூண்டில் உங்கள் பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

அந்த ஐம்பதில் ஒன்று காசிமேட்டு டீக்கடை ஒன்றில் ஒட்டப்பட்டது. படம் எடுக்க வீடு கொடுத்த அக்கா அங்கே பால் வாங்கப் போயிருக்கிறார். மூன்று நாள் தன் வீட்டின் ஒரே அறையைக் கொடுத்து, கரண்ட் கொடுத்து, எட்டுப் பேருக்கு மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தவர். போஸ்டரின் அடியில் என் கடைப் பெயர் இருந்ததால் நேராக என்னிடம் வந்துவிட்டார். "இன்னா சார், என் வூட்ல எட்த்த படம்தான இது? மூணு நாளும் கூடவே இர்ந்தனே, இந்தக் கத்தி எந்த மூலைல இர்ந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்ன 'ஃபீல்' என்ற சொல்லை அவரிடம் எப்படிச் சொல்வது?

என் அக்கா மகன் இன்டர்வியூவுக்குப் போனால் ஊர் பெரம்பூர் என்பான். இருப்பது புளியந்தோப்பில். வேலை கிடைக்கும்வரை பெரம்பூர் என்று வைத்துக்கொள்கிறேன் மாமா என்று சிரித்துக்கொண்டே சொன்னான். வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று காட்டி, இப்படி ஊர்ப் பெயரை விழுங்க வைத்ததில் பெரிய சினிமாக்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்காவது கோடிக்கணக்கில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய பயம் இருக்கிறது. உங்களுக்கு என்ன பயம்? டிக்கெட்டே இல்லாத படத்துக்கு எதற்கு அந்தக் கத்தி?

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட காரணம் கெட்ட எண்ணம் இல்லை, கடைசி நேரம். எடிட்டிங், டப்பிங் எல்லாம் முடிந்த பிறகு, திரையிடலுக்கு முந்தைய நாள்தான் போஸ்டர் உங்கள் நினைவுக்கு வருகிறது. அப்போது கையில் ஒரு நல்ல போட்டோகூட இருக்காது. நெட்டில் கத்தி கிடைக்கும், புகை கிடைக்கும், கிரேன் கிடைக்கும். எடுத்து ஒட்டிவிடுகிறீர்கள்.

அந்தக் குழுவிடமே கேட்டேன்: அம்மாவின் ஈரக்கை அந்த லோன் புத்தகத்தைப் பிடிக்கும்போது பக்கத்தில் செதில் ஒட்டிக்கொள்ளுமே, அதைப் போடலாமே? முகங்கள் மலர்ந்தன. வீடியோவிலிருந்து அந்த ஃபிரேமை எடுத்தோம். அப்போதுதான் கணக்கு இடித்தது. ஃபுல் எச்டி ஃபிரேம் என்பது 1920க்கு 1080 புள்ளி. அச்சில் பளிச்சென்று வர ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். வகுத்தால் 6.4க்கு 3.6 அங்குலம். ஒரு தபால் கவர் அளவுகூட இல்லை. ஃபோர்கே என்றாலும் 12.8க்கு 7.2தான். சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 புள்ளியே போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பெரிதாக்கினோம். கை கலங்கலாக வந்தது. வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும்போது ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் வைப்பது வழக்கம், அசையும் கை அதில் இழுபட்டுத்தான் பதியும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, நிறுத்தினால் தெரியும். போதாக்குறைக்கு உங்கள் ஃபிரேம் படுத்திருக்கிறது, போஸ்டரோ நிற்கிறது. தலையை வைத்தால் கை போகிறது, கையை வைத்தால் புத்தகம் போகிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஷூட்டிங் நாளிலேயே ஸ்டில் எடுக்க ஒருவரைத் தனியாக வையுங்கள். ஷாட் ஓகே ஆனதும் நடிப்பவர்களை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இரண்டு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலைக்கு மேல் தலைப்புக்கு இடம் விட்டு எடுக்க வேண்டும். திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும்போதும் இரண்டு மூன்று ஸ்டில் கேட்பார்கள். அன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டுப் பின்னால் வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இருட்டு போஸ்டர் பற்றி அச்சுக்காரனாக ஒரு புலம்பல். போனில் கறுப்பு என்றால் வெளிச்சம் இல்லாமை. காகிதத்தில் கறுப்பு என்றால் மை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையையும் நூறு நூறு சதவீதம் கொட்டி ஃபைல் கொடுத்தால் மெஷின் தாங்காது. ஆஃப்செட்டில் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அந்த நியான் பச்சையும் மின்னல் நீலமும் திரையில்தான், இந்த நான்கு மையைக் கலந்து அவற்றைக் கொண்டுவரவே முடியாது. மங்கி வந்ததும் "அண்ணா, கலர் மாறிடுச்சு" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். ஒரே ஒரு தாள் ப்ரூஃப் எடுத்துப் பாருங்கள் என்று நான் சொன்னபோது நேரமில்லை என்றது நீங்கள்தான்.

எழுத்துக்கு வருகிறேன். வயிறு எரிவது இங்கேதான்.

அந்தப் படத்தின் 'பொ' போஸ்டரில் எப்படி இருந்தது தெரியுமா? முதலில் 'ப', அதன் பின்னால் கொம்பு, பிறகு கால். மூன்றும் மூன்று திக்கில். யூனிகோடில் அடித்த தமிழை ஃபோட்டோஷாப்பில் ஒட்டும்போது, தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் எழுத்து பிய்யும். ஒரு நிமிஷ வேலை. அது தெரியாவிட்டால் கோரலில் பாமினி எழுத்துருவில் நானே அடித்து, கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை உடையாத கோட்டுருவமாக மாற்றிக் கொடுப்பேன். கேட்டால் போதும். ஏழு பேர் சேர்ந்து செய்த படத்தில், தலைப்பின் முதல் எழுத்தே உடைந்திருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எழுத்தை அவர்கள் படிக்கவில்லை, டிசைனாகப் பார்த்திருக்கிறார்கள்.

துருப்பிடித்த மாதிரி, கீறல் விழுந்த மாதிரி தலைப்பு வைப்பது இன்னொரு வியாதி. ஆங்கிலத்தில் நாலு கீறல் விழுந்தாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளும். தமிழில் கீறல் முதலில் புள்ளியைத்தான் தின்னும். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். அடியில் பெயர் வரிசையை ஆங்கிலப் போஸ்டர் மாதிரி ஒல்லியாக, உயரமாக நசுக்குகிறீர்களே, நம் எழுத்து அகலமானது, நசுக்கினால் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். பெயர் சின்னதாக இருக்கட்டும், நசுங்க வேண்டாம்.

இந்தப் பெயர் வரிசையில் ஒரு கேள்வியும் இருக்கிறது. நன்றி என்று போட்டு கல்லூரித் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர், கேமரா வாடகைக்குக் கொடுத்தவர் எல்லார் பெயரும் இருந்தது. வீடு கொடுத்த அக்கா பெயர் இல்லை. ஏலக்கூடத்தில் கூட்டத்தை ஒதுக்கி இடம் பிடித்துக் கொடுத்த ஐஸ் வண்டிக்காரர் பெயர் இல்லை. சிங்காரச் சென்னை மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. மக்கள் என்றால் யார், நானுமா?

கதைச்சுருக்கம் எழுதத் தெரியவில்லை என்று பலர் என்னிடமே வந்து கேட்பதுண்டு. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் பாருங்கள். மூர் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் அகப்படும். முதல் பக்கத்தில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருப்பார்கள். ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது, எல்லாம் பத்து வரிக்குள் வந்துவிடும். நீங்கள் எழுதுவதோ, "உறவுகளின் ஆழத்தைத் தேடும் ஓர் உணர்வுப் பயணம்." இதை வைத்து எந்தப் படத்தையும் விற்கலாம், எந்தப் படத்தையும் விற்க முடியாது. மகள் கடன் கணக்கைக் குறைத்துப் படிக்கிறாள் என்று எழுதுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

யூடியூபில் வீடியோவுக்கு முகப்பாக வைக்கும் சின்னப் படத்தை, அந்தத் தம்ப்நெயிலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, என் பெண் சொன்னது ஒன்றைச் சொல்கிறேன். வலது கீழ் மூலையில் படத்தின் நீளத்தைக் காட்டும் கறுப்புப் பெட்டி வந்து உட்காரும், தலைப்பை அங்கே வைக்காதீர்கள். போஸ்டரையே சுருக்கி அங்கே போட்டால் ஒன்றும் தெரியாது, ஒரு முகமும் இரண்டு சொல்லும் போதுமாம். போஸ்டருக்கான ஃபைலை வாட்சப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். இதை நான் வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிறேன்.

ஒட்டுகிற இடத்துக்கும் வருவோம். பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க 1959லிருந்தே இங்கே சட்டம் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக மெட்ரோ தூணிலும் மாநகராட்சிச் சுவரிலும் பசை தடவுவது வீரம் இல்லை, மறுநாள் கிழிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டுமென்று வந்தால் நான் மறுத்துவிடுவேன். எனக்கு அது நல்ல லாபம்தான். ஆனால் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஒரு பெண் இறந்தாளே, அதற்குப் பிறகு கைவரவில்லை. சலூன், கேரம் கிளப், பாக்ஸிங் கற்றுத்தரும் இடம், வலை பின்னும் கொட்டகை, இங்கெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே ஒட்டுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், கத்தி இல்லாவிட்டால். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரையும் 2020இல் மூடிவிட்டார்கள், தெருவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டால் கூட்டம் வரும். முதல் காட்சியை ஆடிட்டோரியத்தில் போடாமல் எடுத்த தெருவில் போட்டால் என்ன?

ஆசிரியர்களுக்கு ஒரே வார்த்தை. விளம்பரத்துக்கென்று தனி மார்க் உண்டு என்று பிள்ளைகள் சொன்னார்கள். போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது படத்தில் எந்த இடத்தில் வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மார்க்கைக் குறையுங்கள்.

கடைசியாக, போன வருஷக் குழுவுக்கு. இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த அக்கா போன வாரம் மறுபடி வந்தார். கோபம் தணிந்திருக்கிறது. வீட்டில் மாட்டி வைக்க ஒரு போஸ்டர் வேண்டுமாம், கத்தி இல்லாதது. என்னிடம் படம் இல்லை. ஆனால் உங்களில் லைட் பிடித்த பையன் இடைவேளையில் தன் போனில் ஒன்று எடுத்திருந்தான், கடையில் காட்டினான். நடித்த அம்மாவும் வீட்டுக்கார அக்காவும் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற படம், குறுக்கே தெரு வெளிச்சம். நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. அதை அனுப்பி வையுங்கள், டாக்குமென்டாக. தலைப்பை நானே அடித்துக்கொள்கிறேன், நன்றியில் அவர் பெயரையும். சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்தால் மறுநாள் காலையில் கொடுத்துவிடலாம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்க சாலைச் சந்து அச்சகக்காரன்