விருப்பப் படிவத்தில் கையெழுத்திட்டவர்களின் சார்பில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் விழுகிற நாளிதழ் தங்களுடையது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்டதையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். "பணிப் பாதுகாப்பு என்னும் மெத்தையில் படுத்திருந்தவர்கள் வெளியேறிய பிறகே நிறுவனம் எழுந்து நின்றது" என்ற வரி வந்ததும் நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். அப்படி வெளியேறியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தும் மனம் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே துறையாக இருந்த 1984-ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், செட்டிநாட்டு ஊர் ஒன்றின் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் உறவுகள் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனை என்பது தாங்கள் அறியாததல்ல. கேதச் செய்தி சொல்வதற்காக நள்ளிரவில் டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டு, "கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் கொடு தாயி" என்று குரல் உடைந்து கேட்கும் ஆச்சிகளுக்காக, சென்னை இணைப்பகத்தை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்த இரவுகள் எனக்குக் கணக்கில்லை. ஹெட்செட் அழுத்திய இடத்தில் காதுக்கு மேல் தழும்பே உண்டாகிவிட்டது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரவுப்பணிக்குப் போன என்னைப் பார்த்து மெத்தை என்கிறீர்களே ஐயா, அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

அந்தப் பணிப் பாதுகாப்பு எங்களுக்கு எப்படி வந்தது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் மறந்துவிட்டார். நாங்கள் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனவர்கள் அல்லர். மத்திய அரசு ஊழியர்களாகத் தேர்வாகி, அரசு ஊழியர்களாகவே ஓய்வுபெறுவோம் என்று இருந்தவர்கள். 2000 அக்டோபர் 1 முதல் தொலைபேசித் துறையையே பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமாக்குவது என்று அரசு முடிவெடுத்தபோது, எங்கள் ஓய்வூதியம் என்னாகும் என்று கேட்டு அதற்கு முந்தைய மாதம் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகே மத்திய குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகளில் 37-ஏ என்ற புதிய விதி, நிறுவனம் தொடங்குவதற்கு முந்தைய நாளான செப்டம்பர் 30 அன்று சேர்க்கப்பட்டது. நிறுவனத்துக்கு மாறினாலும், அரசுப் பணிக்காலமும் நிறுவனப் பணிக்காலமும் சேர்த்துக் கணக்கிட்டு, அரசே ஓய்வூதியம் வழங்கும் என்பதுதான் அந்த விதியின் உயிர். அந்த எழுத்தை நம்பித்தான், நிறுவனத்துக்கு மாறச் சம்மதம் சொல்லும் விருப்பப் படிவத்தில் கையெழுத்திட்டோம். கையெழுத்துப் போட்ட அன்று என் கணவர், "அரசாங்க வேலையை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறாயே, யோசித்தாயா?" என்று கேட்டார். அரசாணையின் நகலை எடுத்து அவரிடம் காட்டினேன். அது இன்றும் எங்கள் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. அந்த ஓய்வூதியத்துக்காக நிறுவனம் எங்கள் பெயரில் மாதந்தோறும் அரசுக்குப் பங்களிப்புத் தொகை கட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை இனாம் என்று நினைப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆட்கள் குறைந்ததால்தான் நிறுவனம் நிமிர்ந்தது என்றால், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியில் இருந்த 2004-05-ஆம் நிதியாண்டில் அதே நிறுவனம் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் ஈட்டியது எப்படி? முதல் இழப்பு 2009-10-இல்தான் வந்தது. அதை அடுத்து, 2010-இல், தனியார் நிறுவனங்கள் ஏலத்தில் ஏற்றிவிட்ட விலைக்கு இணையாக 3ஜி மற்றும் அகன்ற அலைவரிசைக்கான அலைக்கற்றைக்கு ஏறத்தாழ 18,500 கோடி ரூபாய் கட்டவேண்டி வந்தது. கையிருப்பு கரைந்தது. தனியார் 4ஜி அலைபேசிகள் 2016-இல் தெருவெல்லாம் வந்தபோது எங்களிடம் 4ஜி அலைக்கற்றையே இல்லை. அதை ஒதுக்கும் முடிவு 2019 அக்டோபரில்தான் எடுக்கப்பட்டது. கடைசி ஆண்டுகளில் வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருவாய் ஏன் சுருங்கியது என்று ஒரு வரிகூட எழுதாமல், சம்பளம் வாங்கியவர்களை மட்டும் காட்டிக்கொடுப்பது தங்கள் நாளிதழின் வழக்கம் அல்லவே.

2019 பிப்ரவரி மாதச் சம்பளம் உரிய நாளில் வரவில்லை. ஏறத்தாழ 1.76 லட்சம் குடும்பங்கள் காத்திருந்தன என்பது அப்போது தங்கள் நாளிதழிலேயே முதல் பக்கத்தில் வந்த செய்தி. அந்த ஆண்டு கோடையில் என் இளைய மகனின் படிப்புக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தை எழுதியிருந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, என் மகன் வயதுள்ள அந்த அதிகாரி, "அடுத்த மாதம் உங்களுக்குச் சம்பளம் வருமா அம்மா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மகனோடு பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். கழுத்தில் கிடந்ததை வைத்துத்தான் அந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினோம்.

விருப்ப ஓய்வுத் திட்டம் அதன் பிறகு வந்தது. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் ஊதியம், மீதமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் ஊதியம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எங்களில் பலர். ஓய்வு வயதை 58 ஆகக் குறைத்துவிடுவார்கள் என்ற பேச்சும் உலவிக்கொண்டிருந்தது. சம்பளம் வராத மாதங்களும் அந்தப் பேச்சும் சேர்ந்து நெருக்கிய நெருக்கலில், 2020 ஜனவரி 31 அன்று 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியே வந்தோம். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் ஓய்வூதியத் தொகுப்புக்கு அறுபது வயது நிறையும்வரை காத்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. விருப்ப ஓய்வு என்று பெயர். எங்களில் எத்தனை பேருக்கு அதில் விருப்பம் இருந்தது என்று தங்கள் கட்டுரையாளர் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

என்னோடு அதே ஆண்டு அதே துறையில் சேர்ந்த கல்லூரித் தோழி ஒருத்தி, 1985-இல் துறை இரண்டாகப் பிரிந்தபோது அஞ்சல் பக்கம் போனாள். நான் தொலைபேசிப் பக்கம் நின்றேன். இருவரும் ஒரே தேர்வில் தேறி, ஒரே நிலைச் சம்பளத்தில் தொடங்கியவர்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016 ஜனவரி முதல் அவள் பக்கத்தில் எல்லாம் திருத்தப்பட்டது. எட்டாவது ஊதியக் குழு பற்றிய அறிவிப்பும் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. எனக்கு அடிப்படையாக நிற்பது 2007 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய விகிதம். நிறுவனம் லாபம் ஈட்டாததால் 2017-இல் வரவேண்டிய ஊதிய மாற்றம் இல்லை, ஊதிய மாற்றம் இல்லாததால் ஓய்வூதிய மாற்றமும் இல்லை என்பது காரணம். ஓய்வூதியம் வருவது அரசின் தொகுப்பு நிதியிலிருந்து. பார்ப்பதோ நிறுவனத்தின் லாபநட்டக் கணக்கை. இந்தக் கணக்கை எனக்கு விளங்கும்படி இதுவரை யாரும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் இரண்டு பேருக்கும் விலை ஒன்றுதான்.

இத்தனைக்கும் நடுவில், 2025 மே மாதம் ஓய்வூதிய விதிகளில் ஒரு திருத்தம் அறிவிக்கப்பட்டது. இப்படிப் பொதுத்துறைக்கு மாற்றப்பட்ட அரசு ஊழியர் ஒருவரை நிறுவனம் தவறான நடத்தைக்காகப் பணிநீக்கம் செய்தால், அவர் முன்பு அரசில் செய்த பணிக்கான ஓய்வுக்காலப் பலன்களும் பறிபோகும் என்கிறது அது. முன்பிருந்த விதி நேர்மாறானது. நிறுவனத்தில் நேர்ந்த தண்டனை அரசுப் பணிக்கான பலனைத் தொடாது என்றே எழுதப்பட்டிருந்தது. நிறுவனத்தின் முடிவை அமைச்சகம் மறுபரிசீலனை செய்யும் என்ற ஏற்பாடு இருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தவறு செய்தவருக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் 2000-இல் ஒரு நிபந்தனையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, திரும்பிப் போக வழியில்லாத நிலையில், கால் நூற்றாண்டு கழித்து அந்த நிபந்தனையை மாற்றலாமா? நான் ஓய்வுபெற்றுவிட்டேன், இது என்னைத் தொடாது. என்னைவிட இளையவர்கள், இன்னும் சில ஆண்டுகளே பணி மீதமுள்ளவர்கள், ஒரு மேலதிகாரியின் கோபத்துக்கு அஞ்சி வேலை செய்வார்கள். இந்தத் திருத்தம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்தது உள்பக்கத்தில் நான்கு வரி.

பாதுகாப்பு இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களே சாட்சி. மழையில் கேபிள் குழிக்குள் இறங்கியவர்களும், கஜா புயலுக்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கம் சாய்ந்த கம்பங்களைத் தூக்கி நிறுத்தியவர்களும் அவர்கள்தாம். 2019-இல் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் நின்று, பிறகு வேலையும் இல்லாமல் போனார்கள். அவர்களுக்கு விருப்பப் படிவமும் இல்லை, விருப்ப ஓய்வும் இல்லை. அவர்களில் ஒருவர் இன்று தேவகோட்டைச் சாலையில் இளநீர் விற்கிறார். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

அச்சான வரியைத் திரும்பப் பெறும்படி நான் கேட்கவில்லை. அந்த ஓய்வூதிய விதியில் முன்பு என்ன எழுதியிருந்தது, 2025 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்ற இரண்டையும் நல்ல தமிழில், பக்கத்தில் பக்கமாக, ஒரு நாள் வெளியிட்டு உதவுங்கள். பள்ளத்தூரிலும் திருப்பத்தூரிலும் இன்னும் பணியில் இருக்கும் தோழர்கள் ஆங்கில அரசிதழை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து பொருள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில்தான் நான் சொல்ல முடிகிறது. இடம் போதாது என்றால் என் கடிதத்தை வெளியிடாமல் விட்டுவிட்டு, அதை மட்டுமாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
காரைக்குடி.