உன் தாத்தாவைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று நல்லபடியாக முடிந்தது. அவர் இறந்த அன்று தொலைபேசியில் நீ கேட்டதற்கு, வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த நேரத்தில் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல இயலவில்லை. போருக்குப் போய் வந்தவருக்குத் துப்பாக்கி மரியாதை கிடையாதா, உடலின் மீது தேசியக் கொடியைக்கூடப் போர்த்த மாட்டார்களா என்று கேட்டாய். அரசு மரியாதையோடும், ராணுவ, துணை ராணுவ மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடியைப் போர்த்தச் சட்டம் இடம் தருகிறது. ஹவில்தாராக ஓய்வு பெற்று, 77 வயதில் வீட்டுக் கட்டிலில் கண்மூடியவருக்கு அது தானாக வந்து சேராது. தெருப் பையன்கள் ஆர்வத்தில் கடையிலிருந்து ஒரு கொடியை வாங்கி வந்தார்கள். வேண்டாம் என்று பாட்டிதான் தடுத்தார். இன்னொரு முன்னாள் படைவீரரின் வீட்டில் அப்படிச் செய்யப் போனபோது தாத்தாவே தடுத்ததை அவர் மறக்கவில்லை. குடியாத்தத்திலும் சுற்று ஊர்களிலும் இருக்கும் பழைய பட்டாளத்தார்கள் பதக்கங்களை அணிந்து வந்து, மலர்வளையம் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அவர் எப்படிப் பட்டாளத்துக்குப் போனார் என்பதை நீ முழுதாகக் கேட்டிருக்க மாட்டாய். நம்முடையது லுங்கி நெய்த குடும்பம். நூல் விலை ஏறிய ஒரு வருடத்தில், தறியில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் இரண்டு பேருக்கே சோறு என்ற நிலை வந்தபோது, 1967-இல், 19 வயதில், அவர் பெங்களூருக்கு ரயில் ஏறினார். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும், ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மேடையில் பேசுகிறவர்கள் அவரை நாட்டுப்பற்றால் போனவர் என்று புகழ்ந்தால், வீட்டுக்கு வந்து, ‘மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள், அதனால் போனேன்; பற்றெல்லாம் போன பிறகு வந்தது’ என்பார். 1780-இல் சென்னைக் கோட்டையில் தொடங்கிய படை அது என்பதையும், காஞ்சிபுரத்தை அடுத்த கீழோட்டிவாக்கத்து சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில் தம் ஆட்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர்விட்டு, ஜார்ஜ் சிலுவை என்ற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றார் என்பதையும் பயிற்சிக் காலத்தில்தான் கேட்டறிந்தாராம். சுப்பிரமணியனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் எழுந்து நின்றுகொள்வார்.

போரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை என்று உன் மாமா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையன்று. நிறையவே பேசுவார், ஆனால் ஒரு கொத்தனார் சுவரைப் பற்றிப் பேசுவதைப் போலத்தான் பேசுவார், அதனால் எங்களில் யாரும் அதைப் போர்க்கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், அவர் இருந்தது மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், 9-ஆவது பொறியியல் படைப்பிரிவில். ஆற்றை ஒட்டிப் பாகிஸ்தான் படை புதைத்திருந்த கண்ணிவெடி வயலைக் குறுக்கே கடக்க ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். டாங்கியைத் தகர்க்கும் பெரிய வெடிகள் மனிதர் மிதித்தால் வெடிக்காது. ஆனால் அவற்றை எடுக்க வருகிறவனின் காலைப் பறிப்பதற்கென்றே சிறிய வெடிகளையும் இடையிடையே புதைத்து வைப்பார்கள். குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் செலுத்தி, விரல் விரலாக முன்னேற வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும், சாய்த்துக் குத்தினால் அதன் விலாவில்தான் தட்டும் என்று சாப்பாட்டுத் தட்டில் கரண்டியை வைத்துக் காட்டுவார். சுத்தமான பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள். மேலே பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்துகொண்டிருக்கும். அந்த வேலையை முன்னின்று நடத்திய அவர்களுடைய மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கேயே உயிரிழந்தார். இறந்த பிறகு அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

டிசம்பர் 15 இரவு, ஆற்றின் அக்கரையில் நம் காலாட்படை பிடித்த இடத்தை நோக்கி எதிரியின் டாங்கிகள் நெருங்குவதாகச் செய்தி வந்தது. பாதை முழுதாகத் தயாராகவில்லை. காத்திருந்தால் அக்கரையில் இருந்த காலாட்படை அழிந்துவிடும் என்ற நிலையில், பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் சுத்தம் செய்யப்படாத பகுதியின் வழியாகவே புகுந்து அக்கரை சேர்ந்தன. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில் இறந்த, அந்தப் படையின் 21 வயது அதிகாரி அருண் கேத்தர்பாலின் பெயர் நாடு முழுவதும் தெரியும். தாத்தா அவரை மனமாரப் போற்றுவார். ஆனால் நாடா கட்டாத அந்த மிச்ச நிலத்தை நினைத்தால், ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் அவருக்கு உடம்பு பதறும். ‘டாங்கி தப்பித்தது அவர்கள் தைரியம், நம் வேலை முடியவில்லை என்பது முடியவில்லைதான்’ என்பார். அவர் வாழ்க்கையில் மனத்தாங்கல் என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

1984-இல் ஓய்வு பெற்று வந்து, 60 வயது வரை ஒரு வங்கியில் துப்பாக்கியோடு வாசற்காவல் இருந்தார். அது உனக்குத் தெரிந்த தாத்தா. அதிகம் எழுத வேண்டியதில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கௌண்டன்ய ஆற்றங்கரையில் கூட்டம் நெரியும்போது, யாரும் கேட்காமலேயே கயிறு கட்டி வழி பிரித்துக்கொண்டு நிற்பார். அதற்காகச் சிலரிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகும் பையன்களை விடியற்காலையில் எழுப்பி, 1,600 மீட்டர் ஓட வைத்து, கையில் கடிகாரத்தோடு நிற்பார். 2022-இல் அக்னிபாத் திட்டம் வந்து, நான்கு ஆண்டுக்குப் பின் நால்வரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்றானபோது, தெருவிலேயே அதிகம் கோபப்பட்டவர் அவர்தான். ஆனாலும் பையன்களை எழுப்புவதை நிறுத்தவில்லை. அது எனக்கு இன்றுவரை புரியாத குணம். காரியத்தன்று பந்தல் போட்டதும் இலை எடுத்ததும் அந்தப் பையன்கள்தான்.

கடைசி இரண்டு மாதம் மூச்சுத் திணறல் இருந்தது. பெரிதாக வேதனைப்படவில்லை; விடியற்காலையில் உறக்கத்திலேயே போய்விட்டார். நீ வர முடியாமல் போனதைப் பற்றி இங்கே யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நீயும் அதை மனத்தில் வைத்துக்கொண்டிருக்காதே.

இப்போது உன்னால் ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டும். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பாட்டியின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் குடும்ப விவரம் உள்ள பக்கம் ஈரம் பட்டு மங்கிவிட்டது. போன முறை வந்தபோது நீ எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்தாயல்லவா, அவற்றைத் தேடித் தெளிவாக உள்ளதை மாமாவுக்கு அனுப்பு. சனிக்கிழமைக்குள் கிடைத்தால், திங்களன்று வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போவோம். பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம் என்கிறார் மாமா, பாட்டி பீரோவைவிட்டு வெளியே எடுக்கவே விடவில்லை. அதை நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா