ஃபார்மெட் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று பல வருடமாக அடித்ததெல்லாம் ஒரே ஒரு 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. பேக்கப் எடுக்காதது என் தப்புதான், அதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

போன ஆவணி முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு தடவை விண்டோஸ் வரும், அடுத்த தடவை டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வரும். பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டிஸ்க் போச்சு சார், புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன், பழசை இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றான். அதில் இருக்கும் ஃபைல்கள்? "அதெல்லாம் வராது சார்."

மனசு கேட்கவில்லை, திரும்ப எடுத்து வந்துவிட்டேன். ராத்திரி அக்கா பையன் வந்து ஸ்மார்ட் ரிப்போர்ட்டைத் திறந்து காட்டினான். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னத் துண்டு) பூஜ்யம், படிக்க முடியாமல் நிற்கும் செக்டாரும் பூஜ்யம், ஆனால் சி.ஆர்.சி. எரர் மட்டும் ஆயிரக்கணக்கில். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா போகும் வழியில் கோளாறு என்று அர்த்தமாம், அதாவது பெரும்பாலும் கேபிள். யாரும் தொடாத டி.வி.டி. டிரைவிலிருந்து சாட்டா கேபிளை உருவி இதில் மாட்டினான், அவ்வளவுதான். அந்த எண் குறையாது, ஆனால் அதற்கப்புறம் ஒன்றுகூட ஏறவில்லை. இந்தக் கடிதத்தை அதே டிஸ்க்கில்தான் அடிக்கிறேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய டிஸ்க் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது, டக்... டக்... என்று சத்தம். உள்ளே இருக்கும் ஹெட் படிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வரும்போது அப்படிக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கரண்டை நிறுத்த வேண்டும். அதே சர்வீஸ் கடையில் என்ன செய்தார்கள் தெரியுமா, ராத்திரி முழுக்க விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற புரோகிராமை ஓடவிட்டிருக்கிறார்கள், காலையில் மொத்தமாகப் போய்விட்டது. செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, சரிசெய்யத்தான், சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து டேட்டாவைக் காப்பாற்ற இல்லை. மெதுவாகிக்கொண்டு வரும் டிஸ்க் என்றால் முதலில் டிடிரெஸ்க்யூ மாதிரி ஒரு புரோகிராமை வைத்து அப்படியே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும், அது படிக்க முடிந்த இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு அப்புறம்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். இது இலவசமாகவே கிடைக்கிறது. டக் டக் கேட்கும் டிஸ்க்கில் அதையும் முயல வேண்டாம், தூசி இல்லாத அறை வைத்திருக்கும் ரிகவரிக்காரர்களிடம்தான் போக வேண்டும். டேபிள் ஃபேனுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திறந்து பார்த்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்!

எல்லோரையும் சொல்லவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் கை தேர்ந்தவர்கள் உண்டு. நான் கேட்பது இவ்வளவுதான்: ஃபார்மெட் போட்டு டிஸ்க்கை அழிக்கலாமா, உள்ளே இருப்பது வேண்டுமா என்று கேட்டு அதை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் அச்சடிக்க இடம் இருக்கிறதே, இதற்கு ஒரு வரி இடம் இருக்காதா? பழைய டிஸ்க்கையும் கையில் கொடுத்துவிட வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜெராக்ஸ் கடை டிஸ்க்கில் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய ஆதார் அட்டை, ரேஷன் கார்டு ஸ்கேன் இருக்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று சர்வீஸ் கடையில் சொல்லலாம், வேறொருவர் கையில் அது உயிர் பெறாது என்று யார் சொல்வது? அது இன்னும் அந்த சர்வீஸ் கடையில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார், "தேடிப் பார்க்கிறோம்" என்கிறார்கள். திங்கட்கிழமை நானும் அவரோடு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
திருவல்லிக்கேணி, சென்னை.